கேதீஸ்வரியும் வந்து சேராத இறுதித் திருத்தமும்

கணினி ஏதாவது சொன்னால் அதை முழுதாக வாசிக்கிறவர் எங்கள் பக்கத்தில் கேதீஸ்வரி ஒருவர்தான். திரையில் ஒரு பெட்டி எழும்பினால் மற்றவர்கள் நுளம்பை அடிப்பதுபோல அதை அடித்து மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கேதீஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். கதிரையை முன்னுக்கு இழுப்பார். தெரியாத ஆங்கிலச் சொல் இருந்தால் அகராதியை எடுப்பார். போட்டோகொப்பிக்கு வந்தவர் அதுவரை நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

அவருடைய கடை எழுவான்கரையில், துறைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை அந்தத் துறையில்தான் வந்து ஒதுங்கும். அதற்கு இங்கே பாதை என்று பெயர். அக்கரை படுவான்கரை. வயலும் மாடும் பழைய கோயில்களும் அங்கே. அந்தக் கோயில்களின் அறிவித்தல், கலியாணக் காட், பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைத் தாள் எல்லாம் பாதையில் ஏறி இக்கரைக்கு வந்து கேதீஸ்வரியின் மேசையில்தான் எழுத்தாகும்.

அவர் இந்த வேலையை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. தட்டெழுத்துப் பொறியில் விரல் பழகினார். பிறகு ஒரு நிவாரண அலுவலகத்தில் கடிதம் அடித்தார். அலுவலகம் மூடியபோது அவர்கள் விட்டுப்போன கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து கடை திறந்தார். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு பென் ட்ரைவ் கொண்டுவந்தார்கள். பென் ட்ரைவ் ஒவ்வொன்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்தது. மூன்றாவது வைரஸ் ஒன்பதாம் ஆண்டுச் சமூகக்கல்வித் தாள் முழுவதையும் தின்றபோது காத்தான்குடியில் இருந்து கணினி திருத்தும் அசனார் வந்து லினக்ஸ் போட்டுவிட்டுப் போனார்.

"இனி வைரஸ் பயம் வேணாம் அக்கா. ஆனா இது கொஞ்சம் கதைக்கும். என்ன சொல்லுதெண்டு வாசிக்கணும். வாசிக்காம ஓமெண்டு அமத்தினா என்னையக் கூப்பிடப்படாது."

இந்த நிபந்தனையை இரு கரையிலும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டவர் கேதீஸ்வரி மட்டும்தான். ஒரு தடித்த சீஆர் கொப்பி வாங்கினார். இடப்பக்கத்தில் கணினி சொன்னது, வலப்பக்கத்தில் தான் செய்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது அவருடைய சட்டம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சுகப்படுத்தியது என்று தெரியாமல் போகும் என்பார். அந்தக் கொப்பியில், 'மவுஸ் ஓடவில்லை' என்ற குறிப்புக்கு எதிரே, 'மவுஸுக்குள் எறும்பு. எறும்பு போனது. மவுஸ் ஓடுகிறது' என்று திகதியோடு இருக்கிறது.

அக்கரையில் ஒரு பிள்ளையார் கோயில். அதன் செயலாளர் வினாயகமூர்த்தி சேர், நாற்பது வருஷம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். திருவிழா அறிவித்தலில் ஒரு கால்புள்ளி மாற்றுவதற்கும் அவர் பாதையில் ஏறி வருவார். பாதை நிரம்பும்வரை காத்திருந்து வந்து, மாற்றிவிட்டு, திரும்பிப் போக அரைநாள். போனபின் இன்னொரு கால்புள்ளி நினைவு வரும். மகன் அவருக்கு ஒரு லெப்டொப் அனுப்பியதும் கேதீஸ்வரி ஒரு வழி சொன்னார். இணையத்தில் ஒரு பொதுவான இடம். சேர் அங்கே ஒரு கோப்பை வைத்தால் அது தானாகவே கேதீஸ்வரியின் கணினியில் வந்து இறங்கும். இரண்டு வருஷம் அது ஒழுங்காக நடந்தது. இருவருக்கும் நடுவில் சண்டை குறைந்தது. பாதைக்காரருக்கு ஒரு ஆள் குறைந்தது.

இந்த வருஷம்தான் கோப்பு வரவில்லை.

அது வராமல் போனால் என்ன என்பதற்குக் கோயில் வழக்கம் தெரிய வேண்டும். பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. குடி என்பது தாய்வழியாக வரும் குலம். மாற்ற முடியாது, நாளையும் மாற்ற முடியாது. ஆனால் போன வருஷம் மூன்றாம் திருவிழாக்காரருக்கு ஒரு சாவுத் துடக்கு வந்துவிட்டது. ஐந்தாம் திருவிழாக்காரர் அந்த ஒரு முறைக்கு மட்டும் அவர்களோடு நாள் மாற்றிக்கொண்டார்கள். இந்த வருஷம் பழைய ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும். வினாயகமூர்த்தி சேரோ புது அறிவித்தல் எழுதுகிறவர் அல்ல. போன வருஷத்துக் கோப்பைத் திறந்து திகதியை மாற்றுகிறவர். அப்படியே மாற்றி அனுப்பிவிட்டார். பிறகு ஒரு திருத்தம் அனுப்பினார். அதிலும் குடிகள் இடம் மாறியே கிடந்தன. செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் பிழை கண்ணில் பட்டது. உடனே திருத்தி மூன்றாவது கோப்பை வைத்தார்.

வெள்ளிக்கிழமைப் பூசையில் அறிவித்தல் பிள்ளையாரின் காலடியில் இருக்க வேண்டும். அதற்கு வியாழக்கிழமை மதியத்துக்குள் நகரத்து அச்சகத்துக்குப் போக வேண்டும்.

புதன்கிழமை காலையில் சேர் தொலைபேசியில் வந்தார்.

"புள்ள, இறுதித் திருத்தம் போட்டாச்சு. பாத்தியா?"

"வரல்ல சேர். முந்தின திருத்தம் மட்டும்தான் கிடக்கு."

"என்ட பக்கத்தில பச்சையில சரி போட்டிருக்கே."

"இஞ்ச செவப்பில புள்ளடி போட்டிருக்கு."

"அப்ப பிழை உன்ட பக்கம்தான்" என்றார் சேர். நாற்பது வருஷம் சரியும் புள்ளடியும் போட்டவருக்கு இதில் சந்தேகம் வரவில்லை.

"நீங்க போனில சொல்லுங்க சேர், நான் மாத்திறன்" என்று கேதீஸ்வரி கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. முன்னொரு தரம் சேர் தன் திரையைப் படம்பிடித்து அனுப்பி, படத்தில் அவருடைய பெருவிரல் ஏழாம் திருவிழாவை மறைத்து, அறிவித்தலில் அந்தக் குடியே இல்லாமல் போனது. அன்றிலிருந்து கோயில் சபையில் ஒரு தீர்மானம் உண்டு. திருவிழா ஒழுங்கில் ஒரு எழுத்து மாறுவதானாலும் செயலாளர் வைத்த கோப்பில்தான் மாற வேண்டும். சொல்லக் கேட்டோ படம் பார்த்தோ ஒருவரும் அடிக்கக்கூடாது.

பத்து மணிக்குக் கனகசூரியம் கடைக்குள் வந்தார். மூன்றாம் திருவிழாக்காரரில் மூத்தவர் அவர். அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்க வந்தவர், கொப்பி வரும் நேரத்தில் திரையைப் பார்த்துவிட்டார். சனிக்கிழமைக்கு நேரே அவருடைய குடியின் பெயர் இல்லை. ஐந்தாம் திருவிழாக்காரரின் பெயர் இருந்தது.

"மருமகள், இதென்ன?" என்றார் முறை வைத்து.

"பழைய பைல் மாமா. சேர் திருத்திப் போட்டிட்டார். இன்னும் வந்து சேரல்ல."

"எப்ப போட்ட?"

"நேத்துப் பின்னேரம்."

"நான் காலையில சாப்பிட்டு வெளிக்கிட்டன், வந்து நிக்கிறன். பைல் நேத்து வெளிக்கிட்டு இன்னும் வரல்லையா? நீந்தியா வருது?"

கேதீஸ்வரி சிவப்புப் புள்ளடியைக் காட்டினார். கனகசூரியம் அதைப் பார்க்கவில்லை. அவர் கேதீஸ்வரியைப் பார்த்தார்.

"நீ அஞ்சாம் திருவிழாக் குடிதானே மருமகள்?"

"ஓம் மாமா."

"சனிக்கிழமையெண்டா வெளிநாட்டாக்களும் நிப்பாங்க. கூட்டம் நல்லா இருக்கும். உங்கட குடிக்கு வாச்சதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். எடுத்த போட்டோகொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கதை எந்தத் தடங்கலும் இல்லாமல் வாவியைக் கடந்தது. மதியத்துக்குள் அக்கரையில் இருந்து மூன்று பேர் அழைத்துவிட்டார்கள். கேதீஸ்வரி தன் குடிக்காகக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறாராம். பதினான்கு வருஷம் அந்தக் கோயிலின் அறிவித்தலை அடித்தவர். பிழை விட்டதாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். களவு செய்ததாகச் சொல்வது வேறு. அவர் கடையின் முன்கதவைப் பாதி சாத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியில் புதுப் பக்கம் திறந்தார்.

முதலில் அசனாரை அழைத்தார்.

"ஓவ் பண்ணி ஓன் பண்ணினீங்களா அக்கா?"

"பண்ணினன்."

"வெளிய போய்த் திரும்ப உள்ள வந்தீங்களா?"

"வந்தன். பாஸ்வேர்ட்டும் ஏத்துக்கொண்டது. டிஸ்கில இடம் பாதிக்கு மேல கிடக்கு. நேரமும் திகதியும் சரி. ஒவ்வொண்டாத்தான் பாத்தன்."

"அப்ப நான் என்னத்தச் சொல்ற? அது என்ன சொல்லுதெண்டு பாருங்க" என்று அசனார் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கேதீஸ்வரி தன் கைபேசியில் 'அ' என்று ஒரு சின்னக் கோப்பு உண்டாக்கிப் பொது இடத்தில் வைத்தார். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அது கணினியில் வந்து இறங்கியது. ஆகவே வழி அடைபடவில்லை. நேற்று ஒரு பள்ளிக்கூடம் வைத்த தாளும் வந்திருந்தது. சேரின் முதல் கோப்பும் இரண்டாவதும் வந்திருந்தன. மூன்றாவது மட்டும் இல்லை. எல்லாரும் பாதையில் ஏறிவிட்டார்கள், ஒருவரை மட்டும் துறையில் மறித்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பிழை பாதையில் இல்லை, அந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது.

கோப்புகளை இறக்கும் நிரல் தான் செய்வதையெல்லாம் ஒரு பதிவில் எழுதிக்கொண்டே போகும். அது இருப்பதே பலருக்குத் தெரியாது. கேதீஸ்வரி அதைத் திறந்து கீழிருந்து மேலாக வாசித்தார். ஒரே வரி நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருந்தது. கோப்பின் பெயர் நீளம் கூடிவிட்டது என்பது அதன் பொருள்.

கைபேசியில் பொது இடத்தைத் திறந்து அந்தப் பெயரைப் பார்த்தார். வினாயகமூர்த்தி சேர் கடவுளை முன்னிட்டுக்கொள்ளாமல் எதையும் தொடங்க மாட்டார். பள்ளிக்கூட வரவு இடாப்பிலும் பிள்ளையார் சுழி போட்டவர். ஒரு கோப்பைத் திருத்தினால் பழைய பெயரில் ஒன்றையும் அழிக்க மாட்டார். பின்னால் ஒரு சொல்லைக் கூட்டுவார். அப்படி வளர்ந்த பெயர் இது: 'உ சிவமயம் அருள்மிகு ஸ்ரீ சித்தி விநாயகர் ஆலய வருடாந்தத் திருவிழா அறிவித்தல் இறுதித் திருத்தம்.'

எண்ணினார். நாற்பத்தெட்டு எழுத்து. லினக்ஸில் ஒரு பெயருக்கு இருநூற்று ஐம்பத்தைந்து இடம் உண்டு என்று எங்கோ வாசித்துக் குறித்திருந்தார். நாற்பத்தெட்டு எப்படிக் கூடும்? வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் கணினியைத் தட்டியிருப்பார். கேதீஸ்வரி ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கி அதன் பெயராக ஆங்கில 'ஏ' எழுத்தையே அடித்துக்கொண்டு போனார். இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஏற்றுக்கொண்டது. அடுத்ததற்கு மறுத்தது. பிறகு 'அ' அடித்தார். எண்பத்தைந்து வரை ஏற்றது. எண்பத்தாறில் மறுத்தது. பிறகு 'சி'. நாற்பத்திரண்டு வரைதான்.

ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம். எங்கள் எழுத்துக்கு மூன்று. 'ச'வுக்கு மேல் விசிறி போட்டு 'சி' ஆக்கினால் இன்னும் மூன்று. புள்ளி வைத்தாலும் இன்னும் மூன்று. பென்சிலை எடுத்து சேரின் பெயரைக் கூட்டினார். இடைவெளிகளையும் கடைசியில் வரும் '.docx' என்ற ஒட்டையும் சேர்த்து இருநூற்று அறுபத்திரண்டு வந்தது. இரண்டாவது கோப்பு வெறும் 'திருத்தம்', இருநூற்று நாற்பது. அது தப்பி வந்துவிட்டது. 'இறுதித்' என்ற சொல் ஏறியதும் எல்லைக்கு மேல் ஏழு இடம் கூடிவிட்டது.

தொலைபேசியில் சொன்னபோது சேர் நம்பவில்லை.

"பேரைக் குறைக்கவா? நான் வாறன்."

வியாழக்கிழமை முதல் பாதையில் அவர் வந்தார். லெப்டொப்பைச் சீலைப் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். சாட்சிக்குக் கனகசூரியத்தையும் கூட்டிவந்திருந்தார், அல்லது கனகசூரியம் தானாக வந்திருந்தார். கேதீஸ்வரி இருவரையும் இருத்தி, கொப்பியைத் திறந்து, இடக் கணக்கை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"புள்ளிக்கு மூண்டு இடமா?" சேர் கதிரையை விட்டு எழும்பினார். "மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் புள்ள! உயிருக்கே ஒண்டு. இந்தக் கணக்கை ஆரு போட்ட?"

"எங்கட ஆக்கள் இல்ல சேர்."

"என்ட லெப்டொப் ஏத்துக்கொண்டதே?"

"அது வேற மாதிரி எண்ணும் சேர். புள்ளிக்கும் ஒண்டுதான், விசிறிக்கும் ஒண்டுதான். அதில உங்கட பேர் நூறைத் தாண்டல்ல. ஸ்ரீயை மட்டும் எடுத்தாலே காணும், பதின்மூண்டு இடம் வெளிக்கும்."

"இண்டைக்கு ஸ்ரீயை எடுக்கச் சொல்லுவ. நாளைக்கு அருள்மிகுவை எடுக்கச் சொல்லுவ."

"ஆலய எண்டத எடுத்தா பத்து."

"அப்ப சாமி எங்க இருக்கிற? நடுறோட்டிலயா?"

"இறுதியை எடுங்க சேர்" என்றார் கனகசூரியம். "நீங்க இறுதியெண்டு சொன்ன ஒண்டும் இறுதியா இருந்ததில்லையே."

சேர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கனகசூரியம் ஐந்தாம் வகுப்பில் அவரிடம் படித்தவர் அல்ல, ஆனாலும் வாயை மூடிக்கொண்டார்.

"சுழியை எடுத்தா நாலு இடம்தான் சேர் வெளிக்கும். அது காணாது" என்றார் கேதீஸ்வரி, கணக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

"காணுமெண்டா எடுத்திருப்பியோ?"

கேதீஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தார். மணி ஒன்பதரை. தான் பெயரை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். கைபேசியிலேயே அரை நிமிஷ வேலை. ஆனால் கோப்பைப் பிடித்து வைத்தவள் என்று சொல்லப்பட்ட ஒருத்தி அந்தக் கோப்பில் யாருக்கும் தெரியாமல் கை வைத்தால் பிறகு எந்தக் கொப்பியைக் காட்டியும் தப்ப முடியாது. பெயரை மாற்றுவது சேரின் கையாகத்தான் இருக்க வேண்டும், கனகசூரியத்தின் கண் முன்னால்.

"சேர், கோயில் வாசல்ல பேர் முழுக்க எழுதியிருக்குத்தானே?"

"ஓம். நான்தான் எழுதிக் குடுத்த."

"உள்ள போற ஆக்கள் ஒவ்வொருத்தரும் அந்தப் பேர்ப்பலகையத் தோளில தூக்கிக்கொண்டா போறது?"

"அதெப்படி?"

"மேலில போட்டிருக்கிற சேட்டையும் கழட்டிட்டுத்தானே போறம்" என்றார் கனகசூரியம்.

"அதைத்தான் சொல்லுறன். ஒரு போல்டர் போடுங்க. அதுக்குச் சாமிட பேரை ஒரெழுத்தும் குறையாம வையுங்க. அதுதான் கோயில். உள்ள போற பைலுக்கு இறுதித் திருத்தம் எண்டு மட்டும் பேர் வையுங்க. போல்டருக்கு வேற எண்ணிக்கை, பைலுக்கு வேற எண்ணிக்கை. நேத்து வைச்சுப் பாத்திட்டன்."

சேர் யோசித்தார். கோயிலைப் பற்றிய நியாயம் என்பதால் உடனே மறுக்க முடியவில்லை.

"போல்டர் பேரில ஒண்டும் குறையாதே?"

"குறையாது சேர். இருநூத்தி ஏழுதான். இன்னும் நாப்பத்தெட்டு இடம் கிடக்கு."

"நாப்பத்தெட்டா? அப்ப ஊர்ப் பேரையும் சேர்க்கலாமே."

"அடுத்த வருசம் சேர்" என்றார் கேதீஸ்வரி அவசரமாக.

சேர் லெப்டொப்பைத் திறந்து ஒற்றை விரலால் அடித்தார். கனகசூரியம் பின்னால் நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்தார். கோப்பு உள்ளே போனது. கேதீஸ்வரியின் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் புள்ளடி பச்சைச் சரியாக மாறியது.

"அப்ப இப்ப உன்ட பக்கமும் சரி" என்றார் சேர், பரீட்சைத் தாளுக்குப் புள்ளி போடும் குரலில்.

கேதீஸ்வரி கோப்பைத் திறந்தார். கனகசூரியம் திரையில் விரலை வைத்து சனிக்கிழமையைத் தேடிப் பிடித்தார். மூன்றாம் திருவிழா, அவருடைய குடி. மூன்று தரம் வாசித்தார். பிறகு திங்கட்கிழமையையும் வாசித்தார், ஐந்தாம் திருவிழாக்காரர் தங்கள் இடத்தில்தான் இருக்கிறார்களா என்று. இருந்தார்கள். கேதீஸ்வரி அதை ஒரு தாளில் எடுத்து இருவரிடமும் கையொப்பம் வாங்கினார். அந்த நேரத்தில் சேர் லெப்டொப்பில் என்னவோ அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேர் செய்யிறீங்க?"

"ஒரு சின்னத் திருத்தம். இடம்தான் நிறையக் கிடக்கே."

அச்சகத்துக்கு அனுப்பிய பதினொன்றே முக்காலுக்குள் அந்தப் போல்டர்க் கோயிலுக்குள் ஆறு பேர் போய்விட்டார்கள். கடைசி ஆளின் பெயர், 'இறுதித் திருத்தத்துக்குப் பின்னான மிக இறுதித் திருத்தம்.' இடம் போதுமாகவே இருந்தது. நல்லவேளை, ஆறிலும் மாறியது கால்புள்ளிகள் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அறிவித்தல் பிள்ளையாரின் காலடியில் இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அறிவித்தல் அடிக்கிறவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் போட்டோகொப்பிக்கு வந்த வசந்தாதேவி என்ற அக்கரைப் பெண் கணினிக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்.

"என்னத்துக்கு அக்கா கழட்டுறீங்க?"

"இதுதானே அந்த மெசின்? சாமிட முழுப் பேரையும் எழுதின உடனே தாங்க ஏலாம நடுங்கி நிண்டுட்டுதாமே."

"நடுங்கல்ல அக்கா. ஒரு பேருக்கு இருநூத்தி ஐம்பத்தஞ்சு இடம். சேர்ட பேர் ஏழு இடம் கூட."

"ஓம், ஓம்" என்றார் வசந்தாதேவி பக்தியோடு. போகும்போது பையில் இருந்த செவ்வரத்தம்பூ ஒன்றைத் திரைக்கு மேல் வைத்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் வந்த இருவருக்கும் கேதீஸ்வரி அதே கணக்கைச் சொன்னார். ஒருவர் கும்பிட்டார்.

யார் சொன்னது என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் திருவிழா சனிக்கிழமை நடந்தது. கூட்டம் நிரம்பி வழிந்தது. வெறும் மேலும் பட்டு வேட்டியுமாக நின்ற கனகசூரியம் கேதீஸ்வரியைக் கண்டதும் ஆட்களை விலக்கி, பிள்ளையாருக்குப் பொங்கிப் படைத்த புக்கையை ஒரு வாழையிலையில் தாராளமாக அள்ளிக்கொண்டு வந்தார்.

"மாமா, மெசின் நடுங்கினதெண்டு நீங்கதானே சொன்ன?"

"நான்தான்."

"அது நடுங்கல்லையே மாமா. ஏழு இடம் கூட. உங்களுக்கு முன்னாலதானே கணக்குப் பாத்த?"

"பாத்தன் மருமகள். முதல் நாள் பாதையில ஏறி அந்தக் கணக்கைத்தான் சொன்னன். ஏழு இடம், புள்ளிக்கு மூண்டு, விசிறிக்கு மூண்டு எண்டு. அக்கரை வாறதுக்குள்ள எல்லாரும் கேக்காங்க, 'கணக்குக் காட்டி உன்னையும் ஏமாத்திட்டாளா?' எண்டு. மறுகாத்தான் நடுங்கினதெண்டு சொன்னன். அதுக்குப் பிறகு ஒரு குஞ்சும் வாய் திறக்கல்ல. இப்ப நீ போய் அது நடுங்கல்லையெண்டு சொன்னியெண்டா திரும்ப முதல்ல இருந்து தொடங்கும்."

பக்கத்தில் நின்ற நாலைந்து பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு கேதீஸ்வரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இலையை இரண்டு கையாலும் வாங்கினார். புக்கை சுட்டது.

"கனக்க நடுங்கல்ல" என்றார் கேதீஸ்வரி. "கொஞ்சம்தான்."